அண்ணி இருக்கிற போர்டில் அப்பா ஏன் இல்லை?

கேள்வி: எனக்கு 25 வயது. பாபநாசம் பக்கம் ஒரு கிராமம், திருச்சியில் வேலை பார்க்கிறேன். வருகிற பங்குனியில் கல்யாணம். மேடை, புடவை, ரவிக்கை எல்லாவற்றுக்கும் படம் சேர்த்து வைக்கலாம் என்று பின்டரெஸ்ட் செயலியில் போர்டு, அதாவது படத் தொகுப்பு, ஆரம்பித்தேன். ‘மை வெட்டிங்’ என்ற ஒரே போர்டில் 600 படத்துக்கு மேல் ஆகிவிட்டது. பார்க்கப் பார்க்கக் குழப்பம்தான் வருகிறது. சீக்ரெட் போர்டாகத்தான் வைத்திருக்கிறேன். தோழிகள் மூன்று பேர், சென்னையில் இருக்கும் அண்ணி, மாப்பிள்ளையின் தங்கை எல்லாரும் அதில் படம் போடுகிறார்கள். ஒரு மேடை அலங்காரம் எல்லாருக்கும் பிடித்துவிட்டது. கும்பகோணத்தில் விசாரித்தால் 1,80,000 ரூபாய் சொல்கிறார்கள். எங்களுக்குச் சொந்த நிலம் மூன்று ஏக்கர், குத்தகை இரண்டு. சம்பா அறுத்து நெல்லுக்குப் பணம் ஏறியதும் தருகிறேன் என்று அப்பா சொல்லியிருக்கிறார். அவரை போர்டில் சேர்க்கவில்லை, அவருக்கு இதெல்லாம் புரியாது. போர்டை எப்படி ஒழுங்காக ஆரம்பிப்பது, எப்படி வகை பிரிப்பது என்று சொல்லுங்கள். (பெயர் வேண்டாம், பாபநாசம் வட்டம்)

பதில்: “அவருக்கு இதெல்லாம் புரியாது” என்று எழுதியிருக்கிறாயே, எதை வைத்து எழுதினாய்? அவரிடம் காட்டிப் பார்த்தாயா?

காட்டியிருக்க மாட்டாய். காட்டியிருந்தால் அவர் என்ன சொன்னார் என்று எழுதியிருப்பாய். கல்யாணப் படங்களைப் பற்றி இப்படி எத்தனையோ கடிதங்கள் எனக்கு வருகின்றன. படம் அதிகமாகிவிட்டது, எதை எடுப்பது எதை விடுவது என்று தெரியவில்லை என்பார்கள். கூடவே ஓர் ஓரத்தில், பணம் கொடுக்கிற மனிதரைப் பற்றி அரை வரி இருக்கும். உன் கடிதத்திலும் அப்படித்தான். அந்த அரை வரியைத்தான் நான் முதலில் எடுக்கப்போகிறேன். போர்டை அப்புறம் பார்ப்போம்.

சீக்ரெட் போர்டு என்றால் நீ அழைத்தவர்கள் மட்டும்தான் பார்க்க முடியும். ஐந்து பேரை அழைத்திருக்கிறாய். அந்த ஐந்து பேரில் ஒருவர்கூட அந்த மேடைக்கு ஒரு ரூபாய் கொடுக்கப் போவதில்லை. கொடுக்கப்போகிறவர் வயலில் நிற்கிறார். அவருக்கு மட்டும் அது மறைவு.

கணக்குப் போட்டுப் பார்த்தாயா? 2025-26 பருவத்தில் சன்ன ரக நெல்லுக்கு அரசு கொள்முதல் விலை குவிண்டாலுக்கு 2,545 ரூபாய். பொது ரகத்துக்கு 2,500. உங்கள் நெல் சன்னம் என்றே வைத்துக்கொள்வோம். 1,80,000 ரூபாய்க்கு 70 குவிண்டாலுக்கு மேல் போட வேண்டும். ஏக்கருக்கு 20 குவிண்டால் கண்டால் நாம் நல்ல விளைச்சல் என்கிறோம். அப்படியானால் மூன்றரை ஏக்கரில் விளைந்தது மொத்தமும் ஒரு மேடைக்கு. மிச்சம் ஒன்றரை ஏக்கர். அதிலிருந்து குத்தகை போகணும், அறுவடை மெஷின் வாடகை போகணும், நடவுக் கூலியும் உரமும் ஏற்கெனவே செலவானது திரும்பணும், சங்கத்தில் பயிர்க்கடன் இருந்தால் அதைக் கட்டணும். அதன் பிறகுதான் உன் புடவை, சாப்பாட்டுப் பந்தி, சீர், மண்டபம்.

இதுவும் எல்லாம் ஒழுங்காக நடந்தால்தான். 2023 பிப்ரவரித் தொடக்கத்தில் பெய்த மழையில் அறுக்க வேண்டிய சம்பா டெல்டா முழுக்கச் சாய்ந்து கிடந்ததை நீ உன் கண்ணாலேயே பார்த்திருப்பாய். நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் வழக்கமாகக் கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள். நெல்லை ரோட்டில் கொட்டிக் காயவைத்துக்கொண்டு, வானத்தையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். உன் அப்பா “பணம் ஏறியதும் தருகிறேன்” என்றாரே, அந்த வார்த்தைக்குள் இவ்வளவும் இருக்கிறது. அவர் உன்னிடம் கணக்குச் சொல்லவில்லை. மகளிடம் சொல்லக்கூடாது என்று நினைத்திருப்பார். ஆனால் நீ கேட்கலாம். சம்பளம் வாங்குகிற பெண் கேட்டே ஆகணும்.

புரியாது என்கிறாய். நீ இப்போது தவிக்கிற வேலையை அவர் போகம் தவறாமல் செய்கிறார். விதை நெல்லுக்கு என்று விட்ட வயலில் கதிர் வந்ததும் இறங்கி, உயரம் மாறி நிற்பது, நிறம் மாறியது, முன்னால் பூத்தது எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்துப் பிடுங்குவார்களே, கலவன் எடுப்பது, அதுதான் உன் போர்டுக்கு வேண்டியது. 600 படத்தில் கலவன் எடுக்கத் தெரியாமல் நீ நிற்கிறாய். எடுக்கத் தெரிந்தவரை வெளியே நிறுத்தியிருக்கிறாய்.

சரி, போர்டுக்கு வருகிறேன். நீ கேட்டதைச் சொல்லாமல் விட மாட்டேன்.

பழைய போர்டை அழிக்காதே. அதை அப்படியே ஆர்கைவ் செய்துவிடு. படங்கள் எங்கும் போகாது, கண்ணில் படாமல் இருக்கும், வேண்டும்போது திரும்ப எடுக்கலாம். புதிதாக ஒரு போர்டு திற. பெயரைத் தமிழிலேயே வை, ‘பங்குனிக் கல்யாணம்’ என்று. அதற்குள் தனித்தனிப் பிரிவுகள் போட முடியும். பிரிவு என்றால் ‘ஐடியா’, ‘பிடித்தவை’ என்று பொத்தாம்பொதுவாக இல்லை. நீ எடுக்க வேண்டிய முடிவு ஒவ்வொன்றுக்கும் ஒரு பிரிவு. முகூர்த்தப் புடவை, ரவிக்கை, மேடை, வாசல், மாலை. இவ்வளவு போதும். நகைக்குப் பிரிவு போடாதே. அதைப் பெரியவர்கள் உட்கார்ந்து பேசி முடித்திருப்பார்கள். படம் வந்தால் பேசியது குலையும்.

ஒவ்வொரு பிரிவிலும் ஏழு எட்டுப் படத்துக்கு மேல் வைக்காதே. ஒன்பதாவது பிடித்திருந்தால் இருப்பதில் ஒன்றை எடு. இந்தக் கட்டுப்பாடு இல்லாமல்தான் 600 ஆனது. நீ ஒரு படத்தைச் சேமித்ததும், அதைப் போன்ற இன்னும் பத்தை பின்டரெஸ்ட் கொண்டுவந்து காட்டும். சரவிளக்குத் தொங்குகிற மேடையை ஒரு முறை சேமித்தால் அடுத்த நாள் உன் பக்கம் முழுக்கச் சரவிளக்குதான். இடையிடையே விளம்பரமும் வரும். உனக்கு மேடையின் மேல் ஆசை வளர்ந்ததா, வளர்க்கப்பட்டதா என்று நிதானமாக யோசி. செட்டிங்ஸில், எந்த போர்டை வைத்து உனக்குப் படம் காட்டலாம் என்று தேர்வு செய்கிற இடம் இருக்கிறது. அங்கே போய்ப் பழைய கல்யாண போர்டை அணைத்துவிடு. முகப்பு கொஞ்சம் கொஞ்சமாக மாறும்.

அப்புறம், சேமிக்கும் முன்னால் படத்தைத் தொட்டு, அது எந்தத் தளத்திலிருந்து வந்தது என்று உள்ளே போய்ப் பார். பல படங்களுக்கு உருப்படியான இணைப்பே இருக்காது. சில படங்களில் இருக்கிற மேடை உலகத்தில் எங்கேயும் கட்டப்பட்டதே கிடையாது, ஏஐ வரைந்தது. 2025-லிருந்து அப்படிப்பட்ட படங்களில் பின்டரெஸ்டே ஏஐ என்று குறிப்புப் போடத் தொடங்கியிருக்கிறது, ஆனால் எல்லாவற்றையும் அது பிடித்துவிடாது. நீயும் பார்க்கணும். கம்பம் இல்லாமல் பூச்சரம் அந்தரத்தில் தொங்குகிறதா, பந்தலுக்குக் கால் இருக்கிறதா என்று பார். உனக்குப் பிடித்த அந்த மேடை நிஜ மண்டபத்தில் எடுத்த படம்தானா? அதைக்கூடப் பார்க்காமல் விலை விசாரித்திருக்கிறாய் என்றுதான் நினைக்கிறேன்.

பூவையும் பார். அந்தப் படங்களில் இருப்பது பெரும்பாலும் குளிர் தேசத்துப் பூ. பங்குனி வெயிலில், மண்டபத்து ஃபேன் காற்றில், அது காலை முகூர்த்தம்வரை நிற்பதற்கே தனிச் செலவு. நமக்குச் சம்பங்கி இருக்கிறது, மல்லி இருக்கிறது, அரளி, தாமரை, கோழிக்கொண்டை, மருக்கொழுந்து இருக்கிறது. வாசலில் குலை தள்ளிய வாழை இரண்டு, மாவிலைத் தோரணம், தென்னங்குருத்தில் பின்னிய தோரணம். இதை வைத்து ஒரு மேடையை எவ்வளவு லட்சணமாகச் செய்யலாம் என்று நம் ஊர்ப் பந்தல்காரர்களுக்குத் தெரியும். அவர்களிடம் யாரும் கேட்பதில்லை, எல்லாரும் போனை நீட்டி “இதே மாதிரி” என்கிறார்கள். எனக்கு இதில் கோபம் உண்டு, மறைக்கவில்லை.

அதனால் உன் போர்டில் பாதிப் படங்கள் நீயே எடுத்ததாக இருக்கட்டும். போனில் எடுத்த படத்தையும் போர்டில் ஏற்றலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு திருபுவனம் போ. உன் ஊரிலிருந்து கும்பகோணம் தாண்டினால் வந்துவிடும். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பட்டு அது. கடையில் கேட்டுக்கொண்டு, பிடித்த புடவையின் முந்தியையும் கரையையும் எடு. நாச்சியார்கோவிலில் விளக்கு எடு. தஞ்சாவூரில் நெட்டி வேலை செய்கிறவர்களைப் பார். மாட்டுப் பொங்கலுக்கு மாட்டுக் கழுத்தில் கட்டுகிறோமே, அதே நெட்டி, தண்ணீரில் வளர்கிற செடியின் தண்டு. வெள்ளை வெளேரென்று பூப் பூவாகச் செதுக்குவார்கள், வாடாது. மேடைக்குப் பின்னால் அதை வைத்து யாராவது செய்து தருவார்களா என்று கேள். பெரிய கோவிலைச் சின்னதாக நெட்டியில் செய்கிற கைக்கு உன் மேடை ஒரு பெரிய விஷயமா?

ஒவ்வொரு படத்தோடும் உனக்கு மட்டும் தெரிகிற மாதிரி குறிப்பு எழுதி வைக்க வசதி இருக்கிறது. யாரிடம் விசாரித்தாய், என்ன விலை, எந்தத் தேதிக்குள் சொல்லணும் என்று அதில் எழுது. விலை எழுதாத படத்தை ஒரு வாரத்துக்கு மேல் வைக்காதே.

இனி யாரைச் சேர்ப்பது என்பது. புதிய போர்டில் அப்பா, அம்மா, மாப்பிள்ளை. அவ்வளவுதான்.

மாப்பிள்ளை என்று சொன்னதும் கவனித்தாயா? உன் கடிதத்தில் அவர் இல்லவே இல்லை. அவருடைய தங்கை இருக்கிறார், “மாப்பிள்ளையின்” என்கிற ஒரு சொல்லாக அவர் இருக்கிறார். மேடையில் உன் பக்கத்தில் உட்காரப்போகிறவருக்கு அந்த 1,80,000 தெரியுமா? தெரிந்திருந்தால் என்ன சொன்னார்? பெண் வீட்டார்தான் எல்லாச் செலவும் செய்யணும் என்பதை நான் ஒத்துக்கொள்கிறவள் இல்லை. இரண்டு பேருக்கும் நடக்கிற கல்யாணத்துக்கு இரண்டு வீடும் செலவு செய்யணும். அதைக் கேட்கிற இடத்தில் நீ இருக்கிறாய், உன் அப்பா இல்லை. பெண்ணைப் பெற்றவர் வாய் திறந்து கேட்டால் அது வேறு பேச்சாகிவிடும் என்பது நம் ஊரில் உனக்குத் தெரியாததா?

அந்தத் தங்கையைப் பற்றியும் சொல்லணும். நல்ல பெண்ணாகவே இருக்கட்டும். ஆனால் அவர் உன் போர்டில் ஒரு படம் போட்டால் அது தோழி போட்ட படம் மாதிரி ஆகாது. நாளைக்கு அவர் வீட்டில் “அண்ணி போர்டில் இப்படி இருந்ததே” என்று ஒரு பேச்சு வரும். யாரும் எதுவும் கேட்கவில்லை, ஆனால் கேட்டது மாதிரி ஆகிவிடும். சீர்த் தட்டு, வரவேற்பு, மேடை என்று நீ ஆசைப்பட்டுச் சேமித்ததெல்லாம் நீங்கள் ஒப்புக்கொண்டதாகக் கணக்கில் ஏறும். இப்போது அவரைத் தனியாக நீக்காதே, மனவருத்தம் வரும். பழையதை மொத்தமாக மூடுகிறபோது “முடிவு செய்கிற நேரம் வந்துவிட்டது, வீட்டில் உட்கார்ந்து பார்க்கிறோம்” என்று ஐந்து பேருக்கும் ஒரே மாதிரி சொல்லிவிடு.

அப்பாவுக்கு பின்டரெஸ்ட் கணக்குத் தொடங்கச் சொல்லி அவரைப் படுத்தாதே. நீ சனிக்கிழமை ஊருக்கு வந்து, ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் போனை அவர் கையில் கொடு. மேடைப் பிரிவில் இருக்கிற ஏழு படத்தையும் விலையோடு காட்டு. முதல் படத்திலேயே 1,80,000 என்று சொல்லிவிடு, மறைக்காதே. அவர் “உனக்குப் பிடித்திருந்தால் செய்துவிடலாம்மா” என்றுதான் சொல்வார். அதை வாங்கிக்கொண்டு எழுந்துவிடாதே. அது பதில் இல்லை, பாசம். குத்தகை எவ்வளவு, கடன் எவ்வளவு, கையில் என்ன நிற்கும் என்று ஒவ்வொன்றாகக் கேள். ஒரு தாளில் எழுது. அம்மாவும் பக்கத்தில் இருக்கட்டும், அவருக்கு உன் அப்பாவைவிட நன்றாகவே கணக்குத் தெரிந்திருக்கும். அதெல்லாம் தெரிந்த பிறகும் அந்த மேடைதான் வேண்டும் என்று தோன்றினால், உன் சம்பளத்தில் செய். உன் காசு, உன் ஆசை, நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். நெல்லுக்கு ஏறுகிற பணத்தில் மட்டும் வேண்டாம்.

கும்பகோணத்துக்காரருக்கு அட்வான்ஸ் கொடுத்தாயா இல்லையா என்று நீ எழுதவில்லை. கொடுக்கவில்லை என்றால் இந்தச் சனிக்கிழமை முடியும்வரை கொடுக்காதே. கொடுத்திருந்தால் நாளைக்கே போன் செய்து, அதே தொகையை வைத்து வாழை, தென்னங்குருத்து, சம்பங்கியில் என்ன செய்து தர முடியும் என்று கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்.