பாலிஷ் அடிக்கும் முன் கதவைப் பாருங்கள்

கேள்வி: தாத்தா வீட்டு வாசல் கதவைப் போலவே ஒன்று செய்ய 60,000 ரூபாய் முன்பணம் கொடுத்தேன். பர்மா தேக்கு, கழுந்து (துளைக்குள் செருகும் மர முனை) வைத்த வேலை என்றார்கள். மழைக்காலத்தில் கதவு மூட வரவில்லை, இப்போது மூலையெல்லாம் விரிசல், உள்ளே ஸ்க்ரூ. பில் தரவில்லை. (தேவகோட்டை)

பதில்: உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள், விடாதீர்கள். பணம் அனுப்பிய விவரமும் வாட்ஸ்அப் பேச்சும் இருந்தால் அவையும் சாட்சிதான். ரிப்பேருக்கு என்று கதவைத் திருப்பி அனுப்பும் முன் ஸ்க்ரூ தெரியப் படம் எடுங்கள். ஸ்பீட் போஸ்ட்டில் நோட்டீஸ் அனுப்புங்கள், அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள், அப்புறம் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. 2 வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும்.

கேள்வி: கழுந்து வேலைக்கு ஆசாரி இரட்டிப்புக் கூலி கேட்கிறார். பசையும் ஸ்க்ரூவும் போதாதா? (பள்ளத்தூர்)

பதில்: வாசல் கதவுக்குப் போதாது. மரம் அகலவாக்கில் ஈரத்துக்கு விரியும், வெயிலுக்குச் சுருங்கும். அதனால்தான் நடுப்பலகையை ஒட்டாமல் சட்டத்தின் காடிக்குள் (நீளப் பள்ளத்துக்குள்) சும்மா நிற்கவிட்டு, சட்டங்களைத் துளையும் கழுந்துமாகக் கோத்து மர ஆணி அடித்தார்கள்; பலகை அசைந்தாலும் மூட்டு விடாது, ஆணியைத் தட்டி எடுத்துக் கழற்றிச் சரிசெய்யவும் முடியும். பலகையைப் பசை போட்டு இறுக்கினால் அது சுருங்க இடமில்லாமல் வெடிக்கும். எனக்கு ஆத்திரம் எங்கே வருகிறது என்றால், மெஷினில் வெட்டிய பூவேலையை மேலே ஒட்டி, அடர்த்தியாகப் பாலிஷ் அடித்து, 'செட்டிநாட்டுப் பழைய முறை' என்று விற்கிறார்கள், நாமும் பளபளப்பைப் பார்த்து விலை பேசுகிறோம். காரைக்குடியில் பழைய தேக்கு என்று எனக்கு விற்ற ஜன்னல் கதவில் பாலிஷைச் சுரண்டினால் சாயம் ஏற்றிய வேறு மரம். பாலிஷுக்கு முன், பட்டறைக்கே போய் மூட்டைப் பாருங்கள். மரம், கன அடி, மூட்டு வகை, கதவு சுழல்வது குடுமியிலா (கதவோடு சேர்ந்த மர முளை) கீலிலா என்பதெல்லாம் பில்லில் இருக்கட்டும். கடைசித் தவணையை, கதவை மாட்டி மூடித் திறந்து பார்த்த பிறகு கொடுங்கள்.

கேள்வி: அளவு போனில் சொன்னேன். கதவு நிலைக்குள் போகவில்லை. (கானாடுகாத்தான்)

பதில்: ஆசாரியைக் குறை சொல்லாதீர்கள். பழைய வீட்டு நிலை மேலும் கீழும் ஒரே அகலமாக இருக்கும் என்று எப்படி நம்பினீர்கள்? கூலி கொடுத்து இழைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: 100 வருடத்துக்கு மேற்பட்ட சிற்பக் கதவைச் சிங்கப்பூர் மகனுக்கு அனுப்பலாமா? (காரைக்குடி)

பதில்: கூடாது. 1972-ஆம் வருடச் சட்டப்படி அது தொல்பொருள், தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. அதே மாதிரி புதிதாகச் செய்து, தொல்பொருள் அல்ல என்று தொல்லியல் துறையிடம் சான்று வாங்கி அனுப்புங்கள்.