செப்டம்பர் கடைசி வாரம், சென்னையில் தளம் போடலாமா?
வானிலை முன்னறிவிப்பில் ஏழு நாளும் மழைக்குறி இருக்கிறதே என்று கான்கிரீட்டைத் தள்ளிப்போட வேண்டாம், நண்பரே. அதில் ‘ஓரிரு இடங்களில்’ மழை என்றால் 25 சதவீத இடங்கள் வரைதான். ‘பல இடங்களில்’ என்று வரும் நாளில் மட்டும் கான்கிரீட் போடாதீர்கள்.

இப்போதைய மழை வெப்பச்சலன மழை. பகல் சூட்டில் வேலூர், திருவண்ணாமலைப் பக்கம் திரளும் மேகம், மேற்குக் காற்றில் பெரும்பாலும் மாலைக்கு மேல்தான் கரைக்கு வரும். காலை 6 மணிக்குத் தொடங்கி நண்பகலுக்குள் முடியுங்கள். பிற்பகல் 3 மணியிலிருந்து சென்னை ரேடார் படத்தைப் பாருங்கள்.

தார்ப்பாயைத் தளத்தில் படாமல் தூக்கிக் கட்டுங்கள். நனைந்தால் மேலே சிமென்ட் தூளைத் தூவவே கூடாது; அந்தப் படலம் பிறகு உரியும். வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20 வாக்கில் தொடங்கும். அதன்பின் இந்த நேரக்கணக்கு உதவாது.