முகாமில் பிரசவம் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அகதி முகாம்களில் பெண்களின் உடல்நலம் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். ஒன்று உறுத்துகிறது. போரோ வெள்ளமோ வந்து ஊரே வெளியேறி நிற்கும்போது உணவும் தண்ணீரும் கூரையும்தானே முதல் தேவை? பிரசவம், கருத்தடை இதையெல்லாம் நிலைமை சீரானபின் பார்த்துக்கொள்ளக் கூடாதா? இருக்கிற கொஞ்சப் பணத்தைப் பத்துப் பக்கம் பிரித்தால் எதுவும் உருப்படியாக நடக்காதே.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பணம் குறைவு என்பது சரி. 'சீரானபின்' என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. எட்டாம் மாதத்தில் வீட்டை விட்டு ஓடிவந்தவளுக்கு அடுத்த மாதம் பிரசவம், முகாம் சீராக வருடங்கள் ஆகும். கர்ப்பிணிகளில் நூற்றுக்குச் சுமார் 15 பேருக்கு உயிருக்கு ஆபத்தான சிக்கல் வரும் என்று கணக்கிட்டுத்தான் நிவாரணப் பணிகளைத் திட்டமிடுகிறார்கள். அந்தப் பதினைந்து பேர் யார் யார் என்று முன்கூட்டியே சொல்லவும் முடியாது.

பிரசவத்துக்குப் பிறகு வரும் ரத்தப்போக்கையே எடுத்துக்கொள்ளுங்கள், நிற்காவிட்டால் சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். வழக்கமாகப் போடும் ஆக்ஸிடோசின் ஊசியை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைத்திருக்க வேண்டும், மின்சாரமே இல்லாத கூடாரத்தில் அதற்கு எங்கே போவது? அதனால்தான் குளிர்பெட்டி தேவைப்படாத மிசோபிரோஸ்டால் மாத்திரை அங்கே அவ்வளவு முக்கியம். இந்த ரத்தப்போக்கைத் தடுக்கப் போடும், வெப்பத்தைத் தாங்கும் கார்பெடோசின் ஊசியும் 2019-இல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. ரத்தப்போக்கை நிறுத்த உதவும் டிரானெக்ஸாமிக் அமிலம் என்ற மருந்தைக் குழந்தை பிறந்த 3 மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். இவ்வளவு தெரிந்தும் பெண்கள் சாவதற்குப் பெரும்பாலும் தாமதம்தான் காரணம்: போகலாமா என்று வீட்டில் முடிவெடுப்பதில் ஒன்று, வழியில் ஒன்று, போய்ச் சேர்ந்த இடத்தில் ஆளோ மருந்தோ இல்லாமல் இன்னொன்று. போர் நடக்கிற இடத்தில் மூன்றும் ஒன்றாகச் சேர்ந்துகொள்கின்றன, இரவில் ஊரடங்கு வேறு.

வன்புணர்வுக்கு ஆளானவளுக்கு எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், அவசரக் கருத்தடை மாத்திரைக்கு அதிகபட்சம் 5 நாள். நிலைமை சீரானபின் கொண்டுபோய்க் கொடுத்தால் அவற்றால் அவளுக்கு ஒரு பயனும் இல்லை.

அப்புறம் கருத்தடை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஊசி போட்டுக்கொண்டிருந்தவள் முகாமுக்கு வந்துவிட்டாள், அடுத்த ஊசிக்கு நாள் நெருங்குகிறது. அவள் புதிதாக எதையும் கேட்கவில்லை, ஊரில் கிடைத்துக்கொண்டிருந்ததைத்தான் கேட்கிறாள். அது கிடைக்காமல் கருவுற்று, யாரோ செய்யும் கருக்கலைப்பில் உயிரை விடும் பெண்கள் இருக்கிறார்கள்.

நீங்கள் கேட்ட கேள்வியை நிவாரண அமைப்புகளும் ஒரு காலத்தில் கேட்டவைதான். 1990களின் நடுவில்தான் அவை கூடிப் பேசி, நெருக்கடி தொடங்கியதும், முடிந்தால் 48 மணி நேரத்துக்குள், தொடங்க வேண்டிய குறைந்தபட்ச சேவைகள் என்று ஒரு தொகுப்பை உருவாக்கத் தொடங்கின. கர்ப்பிணிகள் கையில் கொடுக்கும் பையில் சோப்பு, விரிக்கப் பிளாஸ்டிக் தாள், புது பிளேடு, தொப்புள்கொடி கட்ட நூல் என்று சாதாரணப் பொருட்கள்தான். இதற்காக உணவில் கைவைக்க வேண்டியதில்லை. எல்லாமே முதல் வாரத்திலேயே வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை; கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை, குழந்தையின்மைக்கான சிகிச்சை எல்லாம் பிறகு வரட்டும்.

அடுத்த முறை ஏதாவது நிவாரண நிதிக்குப் பணம் அனுப்பும்போது, இரவில் முகாமில் மருத்துவச்சி இருப்பாரா, சிக்கலென்றால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டியும் ஓட்ட ஆளும் உண்டா என்று அவர்களிடம் கேளுங்கள்.