டேப்லெட் எதற்கு? – கடிதம்

வணக்கம் ஐயா,

நான் ஒரு தணிக்கை அலுவலகத்தில் வேலை செய்கிறேன். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. மாலையில் வீடு திரும்பியதும் வாசிப்பதுதான் எனக்கிருக்கும் ஒரே பொழுதுபோக்கு. பெரும்பாலும் பழைய நூல்களின் ஸ்கேன் பிரதிகள், பிடிஎஃப் கோப்புகள். அவற்றை 6.7 அங்குலக் கைபேசியில் படிக்கிறேன், கண் எரிகிறது. மடிக்கணினி ஒன்று இருக்கிறது. வாங்கி ஏழு ஆண்டுகள் ஆகின்றன. பொத்தானை அழுத்திவிட்டுக் குளித்துவிட்டே வரலாம், அப்போதுதான் விழித்திருக்கும்.

ஒரு டேப்லெட் வாங்கினால் படிக்கவும், குறிப்பெடுக்கவும், படம் பார்க்கவும், அவ்வப்போது கட்டுரை எழுதவும் ஆகும், மடிக்கணினியைத் தலைமுழுகிவிடலாம் என்று நினைக்கிறேன். மனைவியோ, “கைபேசியில் இல்லாத எது அதில் இருக்கிறது?” என்று கேட்கிறாள். பதில் சொல்லத் தெரியவில்லை. அன்றாடப் பயன்பாட்டுக்கு டேப்லெட் வாங்கலாமா? எதைப் பார்த்து வாங்க வேண்டும்? யாராவது பயன்படுத்தியதை வாங்கலாமா? புதிய மாடல் வரும்வரை காத்திருக்கலாமா?

அன்புடன்,
கே.

*

அன்புள்ள கே.,

உங்கள் மனைவி கேட்டதுதான் சரியான கேள்வி. விற்பவர்கள் யாரும் அதைக் கேட்க மாட்டார்கள். டேப்லெட்டில் என்னவெல்லாம் முடியும் என்று அடுக்குவார்கள். எல்லாம் முடியும்தான். ஆனால் அதில் முக்கால்வாசி கைபேசியிலும் முடியும், மீதி மடிக்கணினியில் இன்னும் ஒழுங்காக முடியும்.

2010 ஜனவரியில் ஆப்பிள் நிறுவனத்தின் டேப்லெட்டான முதல் ஐபேடை அறிமுகப்படுத்திய ஸ்டீவ் ஜாப்ஸ், பேச்சின் தொடக்கத்தில் இந்தக் கேள்வியைத் தானே எழுப்பிக்கொண்டார். கைபேசிக்கும் மடிக்கணினிக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு கருவிக்கு இடம் உண்டா? உண்டென்றால், சில முக்கியமான வேலைகளையாவது அது அவை இரண்டையும்விட மிக நன்றாகச் செய்தாக வேண்டும், இல்லாவிட்டால் அது இருப்பதற்கே நியாயமில்லை என்றார். விற்க வந்தவரின் பேச்சுதான். ஆனாலும் வாங்குபவருக்கு இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

அன்று அந்த இடைவெளி பெரிதாக இருந்தது. ஐபோனின் திரை 3.5 அங்குலம், ஐபேடின் திரை 9.7 அங்குலம். பரப்பைக் கணக்கிட்டால் எட்டு மடங்கு. உங்கள் 6.7 அங்குலக் கைபேசியோடு இன்றைய 11 அங்குல டேப்லெட்டை ஒப்பிட்டால் மூன்று, மிஞ்சிப்போனால் மூன்றரை மடங்கு. நடுவிலிருந்த நிலத்தில் பாதியைக் கைபேசி வளைத்துப்போட்டுவிட்டது. 2014க்குப் பிறகு சில ஆண்டுகள் டேப்லெட் விற்பனை சரிந்ததற்கு இதுவும் முக்கியமான காரணம்.

ஆகவே ‘அன்றாடப் பயன்பாட்டுக்கு’ என்று டேப்லெட் வாங்காதீர்கள். அன்றாடத்தைக் கைபேசி எடுத்துக்கொண்டுவிட்டது. செய்தி, கடிதம், வங்கி, வழி கேட்பது, பத்து நிமிடக் காணொளி எல்லாவற்றுக்கும் கை தானாகச் சட்டைப்பைக்குத்தான் போகும், அடுத்த அறையில் இருக்கும் டேப்லெட்டுக்குப் போகாது. ஏதாவது ஒரு குறிப்பிட்ட வேலைக்காக வாங்கியவர்களிடம்தான் டேப்லெட் உழைத்துத் தேய்கிறது. பொதுவாக வாங்கியவர்கள் வீட்டில் அது சார்ஜ் தீர்ந்து அலமாரியில் கிடக்கும், அல்லது குழந்தைகளின் விளையாட்டுச் சாமானாகிவிடும்.

உங்களிடம் அப்படியொரு வேலை இருக்கிறது. ஸ்கேன் பிரதிகளைப் படிப்பது.

மின்னூல் என்றால் எழுத்தைப் பெரிதாக்கினால் வரி தானாக மடிந்து திரைக்குள் அடங்கும். ஸ்கேன் பிரதி அப்படியல்ல. அது பக்கத்தின் புகைப்படம். பழைய நூல்கள் பெரும்பாலும் டெமி அளவில் அச்சானவை, பக்கம் ஏறக்குறைய 8.5க்கு 5.5 அங்குலம். உங்கள் கைபேசியின் அகலம் 2.8 அங்குலம். முழுப்பக்கத்தையும் காட்டினால் எழுத்து பாதியாகச் சுருங்கிவிடும். ஏற்கெனவே மங்கிய அச்சு, அதில் மெய்யெழுத்தின் புள்ளி இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. சரி, இரண்டு விரலால் பெரிதாக்குகிறீர்கள். வரியின் வலக்கோடி திரைக்கு வெளியே போய்விடுகிறது. தள்ளிப் படிக்கிறீர்கள், திரும்ப இடப்பக்கம் இழுக்கிறீர்கள், இழுத்த வேகத்தில் ஒரு வரி மேலேயோ கீழேயோ நழுவிவிடுகிறது, படித்த வரியையே மறுபடி படிக்கிறீர்கள். ஒரு பக்கத்துக்கு முப்பது முறை இது நடக்கும். கண் எரிவதில் வியப்பில்லை.

11 அங்குலத் திரையை நிமிர்த்திப் பிடித்தால் டெமி பக்கம் அச்சிட்ட அளவிலேயே முழுதாக அமர்ந்துவிடும். படிப்பதற்கு 4:3 விகிதத் திரைதான் (நீளம் நான்கு பங்கு, அகலம் மூன்று பங்கு) நல்லது என்று பலர் அடித்துச் சொல்வார்கள். ஏ4 அளவு ஆவணங்களுக்கு அது ஓரளவு உண்மை. 4:3 திரையில் ஏ4 பக்கம் முக்கால் அளவுக்குத் தெரியும், 16:10 திரையில் அதைவிடக் கொஞ்சம் சிறிதாக. ஆனால் டெமி பக்கம் நீளவாக்கில் ஒடுங்கியது என்பதால் இரண்டிலும் குறையில்லாமல் பொருந்தும். படமும் பார்ப்பீர்கள் என்பதால் 16:10 உங்களுக்கு மோசமில்லை. 8 அங்குல டேப்லெட்டில் அதே பக்கம் முக்கால் அளவாகிவிடும். படுத்துக்கொண்டு படிக்க அது கைக்கு இதம், ஆனால் ஐம்பது தாண்டிய கண்ணுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நாவல்களை மின்னூலாக மட்டுமே படிப்பவர் என்றால், டேப்லெட்டே வேண்டாம், மின்தாள் திரை கொண்ட வாசிப்புக் கருவியை வாங்குங்கள் என்று ஒரே வரியில் முடித்திருப்பேன். தாளைப் போல வெளிச்சத்தை வாங்கிப் பிரதிபலிக்கும் திரை, வாரக்கணக்கில் நிற்கும் சார்ஜ். ஆனால் பரவலாகக் கிடைக்கும் 6 அங்குலக் கருவிகளில் ஸ்கேன் பக்கம் அடங்காது, பக்கத்தைப் பெரிதாக்கி நகர்த்துவதும் ஆமை வேகம்.

கண் விஷயத்தில் ஒன்று. நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடி, படலம் என்று எதையாவது தலையில் கட்டப் பார்ப்பார்கள். திரையின் நீல ஒளி கண்ணைக் கெடுக்கும் என்பதற்குச் சான்று இல்லை என்றே அமெரிக்கக் கண் மருத்துவ அகாதெமி சொல்கிறது. திரையைப் பார்க்கும்போது நாம் கண் சிமிட்டுவது குறைந்துவிடுகிறது, அதனால் கண் வறண்டு எரிகிறது. பெரிய திரையைச் சற்றுத் தள்ளி வைத்துக்கொள்ளலாம், அந்த அளவில் டேப்லெட் நல்லது. எரிச்சல் தொடர்ந்தால் முதலில் கண் மருத்துவரிடம் போங்கள். கண்ணாடியின் பவரை மாற்றினாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடலாம்.

இனி மடிக்கணினியைத் தலைமுழுகும் யோசனை. அதை விட்டுவிடுங்கள். கட்டுரை எழுதுவது என்பது தட்டச்சு மட்டுமல்ல. ஒரு பக்கம் நூலைத் திறந்து வைத்து, மறுபக்கம் குறிப்பைப் பார்த்து, நடுவில் ஒரு பத்தியை வெட்டி வேறிடத்தில் ஒட்டி, பழைய கோப்பைத் தேடியெடுத்து, இப்படிப் பத்து வேலை. டேப்லெட்டில் திரை விசைப்பலகை எழும்பியதும் திரையில் கணிசமான பகுதி போய்விடும். தனி விசைப்பலகையும் உறையும் வாங்கிப் பொருத்தினால் அரை கிலோ டேப்லெட் ஒரு கிலோவைத் தொடும். அந்த எடைக்கு மெல்லிய மடிக்கணினியே வருகிறது, விலையிலும் பல சமயம் பெரிய வித்தியாசம் இருக்காது.

உங்கள் மடிக்கணினிக்கு நீங்கள் சொல்லும் நோய் எனக்குப் பழக்கமானதாகத் தோன்றுகிறது. உள்ளே சுழலும் ஹார்ட் டிஸ்க் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதை எடுத்துவிட்டு, சுழலும் பாகமில்லாத வேகமான சேமிப்பகமான எஸ்எஸ்டி பொருத்துங்கள், ரேம் (கணினியின் தற்காலிக நினைவகம்) 4 ஜிபி என்றால் 8 ஆக்குங்கள். டேப்லெட்டுக்கு எடுத்து வைத்த பணத்தில் சிறு பகுதிதான் செலவாகும். குளிக்கப் போக நேரம் இருக்காது. ஒரு எச்சரிக்கை: விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது. உங்கள் கணினி விண்டோஸ் 11ஐ ஏற்குமா என்று பார்த்துவிட்டுச் செலவு செய்யுங்கள். ஏற்காவிட்டால் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக்கொள்ளலாம், கட்டுரை எழுத அது தாராளமாகப் போதும்.

டேப்லெட் வாங்கும்போது பார்க்க வேண்டியவற்றில் முதலாவது எத்தனை ஆண்டுகளுக்கு மென்பொருள் புதுப்பிப்பு கிடைக்கும் என்பது. கேமராவை மறந்துவிடுங்கள், டேப்லெட்டைத் தூக்கிப் படம் எடுப்பவர்களை நான் இன்னும் முழுதாக மன்னிக்கவில்லை. ஐபேட் ஏர் 2 வெளிவந்தது 2014இல். 2021இல் வந்த ஐபேட்ஓஎஸ் 15 இயங்குதளம் வரை அதற்குப் புதுப்பிப்பு கிடைத்தது. மலிவான ஆண்ட்ராய்டு டேப்லெட்டுகள் பலவற்றின் கதை நேரெதிர். பெட்டியைப் பிரிக்கும்போதே பழைய பதிப்பில்தான் இருக்கும், பிறகு ஒருமுறையோ இருமுறையோ புதுப்பிப்பு வரும், அதோடு சரி. உடல் நன்றாக இருக்கும், ஆனால் வங்கிச் செயலி முதலில் முறைத்துக்கொள்ளும், பிறகு உலாவி. காட்சிக்கு வைத்திருக்கும் கருவியின் அமைப்புகளுக்குள் சென்று, பாதுகாப்புப் புதுப்பிப்பின் தேதியைப் பாருங்கள். ஓராண்டுக்கு முந்தைய தேதி என்றால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

ஆண்ட்ராய்டு என்றால் ரேம் 4 ஜிபிக்குக் குறைய வேண்டாம், 6 இருந்தால் நல்லது. முந்நூறு பக்க ஸ்கேன் கோப்பைத் திறந்து வேகமாகப் புரட்டினால்தான் குறைந்த ரேமின் குணம் தெரியும், ஒவ்வொரு பக்கமும் முதலில் சாம்பல் கட்டமாக வந்து பிறகு தெளியும். உங்கள் கோப்பு ஒன்றையே பென் டிரைவில் கொண்டுபோய், திறந்து பார்க்க அனுமதி கேளுங்கள். பத்து நிமிடம் ஒரு கையில் பிடித்துக்கொண்டே படியுங்கள். 11 அங்குல டேப்லெட் அரை கிலோவை ஒட்டி இருக்கும், உறை போட்டால் இன்னும் கூடும், மணிக்கட்டு சொல்லிவிடும்.

படம் பார்ப்பதற்கு ஒரு நுணுக்கம். நகலெடுப்பதைத் தடுக்கும் வைட்வைன் எல்1 என்ற பாதுகாப்புச் சான்று இல்லாத ஆண்ட்ராய்டு டேப்லெட்டில், திரை எவ்வளவு கூர்மையாக இருந்தாலும், நெட்ஃபிளிக்ஸ் போன்ற சேவைகள் உயர்தரத்தில் ஓடாது. விற்பவருக்கே இது பெரும்பாலும் தெரியாது. சிம் போடும் வசதி உங்களுக்கு வேண்டாம், வீட்டில் உட்கார்ந்துதானே படிக்கப் போகிறீர்கள். வைஃபை மட்டும் உள்ள ஐபேடில் ஜிபிஎஸ் இருக்காது, அதுவும் உங்களுக்குப் பொருட்டல்ல.

குறிப்பெடுக்க எழுதுகோல் வேண்டும். ரப்பர் நுனி வைத்த மலிவான கோலை வாங்காதீர்கள். உள்ளங்கையைத் திரையில் ஊன்றியதும் அதையும் எழுத்தாக எடுத்துக்கொண்டு கிறுக்கித் தள்ளும். அந்தந்த டேப்லெட்டுக்கென்று செய்த கோல்தான் சரிப்படும். விலையைக் கூட்டும்போது அதையும் சேர்த்துக் கூட்டுங்கள், பலருக்குப் பட்ஜெட் உதைப்பது அங்கேதான்.

பயன்படுத்தியதை வாங்கலாம், ஐபேடாக இருந்தால். பழைய உரிமையாளர் தன் கணக்கிலிருந்து வெளியேறியதை உங்கள் கண்முன் செய்து காட்ட வேண்டும். இல்லாவிட்டால் அது பூட்டிய சிலேட்டுதான், உங்களால் திறக்க முடியாது. பேட்டரி பசைபோட்டு ஒட்டப்பட்டிருக்கும், மாற்றுவது எளிதல்ல, ஆகவே ஒரு மணி நேரம் காணொளி ஓடவிட்டு எத்தனை சதவீதம் இறங்குகிறது என்று பாருங்கள். வீட்டில் எல்லோரும் எடுப்பார்கள் என்றால் மட்டும் ஆண்ட்ராய்டு பக்கம் சாயுங்கள். அவற்றில் பலவற்றில் ஆளுக்கொரு கணக்கு வைத்துக்கொள்ளலாம், ஐபேடில் அந்த வசதி இல்லை.

புதிய மாடலுக்காகக் காத்திருப்பதில் ஒரே ஒரு லாபம் உண்டு. அது வந்ததும் போன ஆண்டு மாடலின் விலை இறங்கும். புதுப்பிப்புக் காலம் இன்னும் நான்கைந்து ஆண்டு மீதமிருந்தால் அதையே வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் முதலில் மடிக்கணினியைச் சரிசெய்யுங்கள். சரியான பிறகு ஒரு மாதம் அதிலேயே அந்த ஸ்கேன் நூல்களைப் படித்துப் பாருங்கள். மேசை முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்து படிப்பதே உங்களுக்குப் போதும் என்று தெரிந்தால், மனைவியின் கேள்விக்கு விடை தேட வேண்டிய அவசியமே இருக்காது.

அன்புடன்.