விளிம்பு கிழிந்த தோட்டா உறைகள்

கேள்வி: டெக்சாஸில் குடியுரிமை பெற்று வாழும் என் மருமகன், அந்நாட்டுச் சட்டப்படி பதிவு செய்து, தன் ரைபிளுக்கு ஒரு சைலன்சர் வாங்கியிருக்கிறார். அதைப் பொருத்திய நாள் முதல் காலி உறைகளின் விளிம்பு கிழிந்து வருகிறது, உறையின் அடியில் ஊசி தட்டித் தீப்பற்றவைக்கும் கேப் தட்டையாகிவிடுகிறது, புகை முகத்தில் அடிக்கிறது, வலப்பக்கம் சற்றுப் பின்னால் விழுந்துகொண்டிருந்த உறைகள் இப்போது முன்னால் பாய்கின்றன. தோட்டாவில் மருந்து கூடிவிட்டது என்று சொல்லிப் பெட்டி பெட்டியாக மாற்றிப் பார்க்கிறார். தோட்டாதான் குற்றவாளியா?
- படையில் கணக்குப் பிரிவிலிருந்து ஓய்வுபெற்றவர், பாளையங்கோட்டை

பதில்: நம் நாட்டில் தனியார் சைலன்சர் வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருவதில்லை என்பதை மற்ற வாசகர்களுக்காக முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் 1934ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் பதிவு செய்துகொண்டு, அனுமதிக்கும் மாநிலங்களில் வைத்துக்கொள்ளலாம்.

உங்கள் மருமகன் தோட்டாவைச் சந்தேகிப்பது இயல்புதான். ஆனால் அவர் தவறான இடத்தில் தேடுகிறார் என்றே எனக்குத் தோன்றுகிறது. வீட்டுக் குக்கரில் வெயிட் எழும்போது உள்ளே இருக்கும் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 15 பவுண்டு. .223 ரெமிங்டன் தோட்டாவுக்கு அமெரிக்கத் தொழில்துறை விதித்திருக்கும் உச்ச வரம்போ 55,000 பவுண்டு. அந்த உச்சம், குண்டு குழலுக்குள் சில அங்குலம் நகர்வதற்குள், ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த நேரத்தில் வந்து போய்விடுகிறது. சைலன்சர் இருப்பது குழலின் மறுமுனையில். வாயு அதை எட்டும்போது உச்சம் எப்போதோ கடந்திருக்கும். ஆகையால் முனையில் மாட்டிய டப்பா, தோட்டா அமரும் அறைக்குள் எழும் உச்ச அழுத்தத்தைக் கூட்ட வழியே இல்லை.

அப்படியானால் கூடுவது எது? அழுத்தம் நீடிக்கும் நேரம். குண்டு வெளியேறியதும் காற்றில் கலந்துவிட வேண்டிய வாயு, சைலன்சரின் தடுப்புத் தட்டுகளுக்குள் சுற்றிச் சுற்றி மெதுவாக வெளியேறுகிறது. (1909இல் இதற்குக் காப்புரிமை பெற்ற ஹைரம் பெர்சி மாக்சிம், மாக்சிம் இயந்திரத் துப்பாக்கியைக் கண்டுபிடித்தவரின் மகன், தந்தை ஊரையே அதிரவைத்தார், மகன் ஓசையை அடக்கப் பார்த்தார்.) தானாக அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் ரைபிளில், குழலிலிருந்து ஒரு சிறு துளை வழியே எடுக்கும் வாயுதான், அறையைப் பின்புறம் பூட்டி நிற்கும் போல்ட்டைப் பின்னுக்குத் தள்ளுகிறது. அந்தத் துளையில் வாயு அதிக நேரம் நின்றால் தள்ளுதலும் வலுக்கும். பூட்டு முந்தித் திறக்கும். உறை அறைச்சுவரை இன்னும் இறுகப் பற்றியிருக்கும்போதே கொக்கி அதன் விளிம்பைப் பிடித்து இழுக்கும். பிசான நெல்லுக்குத் தண்ணீர் பாயும் வாய்க்காலில், வெள்ளம் வடியும்வரை பொறுக்காமல் மடைப்பலகையை இழுத்து முறித்தவரைப் பார்த்திருப்பீர்கள். வெள்ளத்தின் அளவு என்னவோ அதேதான். இழுத்த வேளைதான் பிசகியது. விளிம்பு கிழிவதும், உறை முன்னால் பாய்வதும், புகை முகத்தில் அடிப்பதும் இந்த ஒரே பிசகின் மூன்று முகங்கள்.

கேப் தட்டையாவதை மட்டும் தனியாக விசாரிக்க வேண்டும். ஒரே பெட்டியிலிருந்து பத்துத் தோட்டாக்களைச் சைலன்சர் இல்லாமலும், பத்தை அதனுடனும் சுட்டு, இரண்டு வரிசைகளையும் ஒரு வெள்ளைத் துணியில் நிறுத்தி வைத்து உருப்பெருக்கியால் பார்க்கச் சொல்லுங்கள். சைலன்சர் இல்லாத வரிசையில் கேப்பின் ஓரம் உருண்டையாகவும், உறையின் அடித்தட்டு சுத்தமாகவும் இருந்தால் தோட்டாவுக்கு விடுதலை. அந்த வரிசையிலேயே கேப் ஓரமின்றிப் பரந்து, அடித்தட்டில் எஜெக்டர் (உறையை வெளியே தள்ளும் முள்) துளையின் பளபளப்பான வட்டம் பதிந்திருந்தால் அழுத்தம் உண்மையிலேயே அதிகம். அந்தப் பெட்டியை அத்துடன் நிறுத்த வேண்டும். கேப்பை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது கூடாது. சில நிறுவனங்களின் கேப் மென்மையானது, அளவான அழுத்தத்திலும் தட்டையாகும். வேகமானி கிடைத்தால் இன்னும் நல்லது: பெட்டியில் அச்சிட்ட வேகத்தை விடக் குண்டு கணிசமாக விரைந்து போனால், அதைவிடப் பெரிய சாட்சி தேவையில்லை. சைலன்சரால் வேகம் கூடுவது மிகச் சிறிய அளவே.

குழலின் மேல் எந்த அளவு பொறித்திருக்கிறது என்பதையும் கேளுங்கள். .223 என்று இருந்து அவர் போடுவது ராணுவ வகை 5.56 தோட்டா என்றால், குண்டு குழலின் உட்சுவரிலுள்ள வரிப்பள்ளத்தைத் தொடுவதற்கு முன்னுள்ள இடைவெளி அங்கே குறைவு. அதனால் அழுத்தம் உண்மையாகவே ஏறும். வெயிலில் நிறுத்திய காருக்குள் தோட்டாவை விட்டு வைத்தாலும் மருந்து வேகமாக எரியும். டெக்சாஸ் கோடை நம் அக்னி நட்சத்திரத்துக்குச் சளைத்ததன்று. இன்னொன்று, நம்மவர் பழக்கம்: துருவுக்குப் பயந்து அறைக்குள் எண்ணெய் விட்டு அப்படியே சுடுவது. எண்ணெய் இருந்தால் உறை சுவரைப் பற்றாது. முழு விசையும் போல்ட்டின் மேல் விழும். சைலன்சர் மாட்டினால் கரி பின்னோக்கி வந்து அறையில் படியும், உறை சிக்கும். ஆகவே அறையை அடிக்கடி துடைத்து உலர்ந்ததாக வைத்திருக்க வேண்டும்.

வாயுதான் காரணம் என்று தெளிந்தால், வாயு அளவைத் திருகிக் குறைக்கும் அமைப்பையோ, போல்ட்டின் பின்னோட்டத்தைத் தணிக்கும் கனமான பஃபரையோ அங்குள்ள துப்பாக்கிக் கொல்லர் பொருத்தித் தருவார். வாயுவை முன்னோக்கியே கடத்தும் வகைச் சைலன்சர்களும் உண்டு. ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள்: வழக்கமான ஓசைக்குப் பதில் 'புஸ்' என்று ஒலித்தால், அடுத்ததைச் சுடவே கூடாது. குண்டு குழலில் சிக்கியிருக்கலாம். தோட்டாவைக் கழற்றி, போல்ட்டை எடுத்துவிட்டுப் பின்பக்கமாகப் பார்த்து, வெளிச்சம் தெரிந்த பிறகே மறுபடி தொடலாம்.

கேள்வி: பாட்டனார் காலத்து 12 போர் இரட்டைக்குழல், உரிமம் என் பெயரில் இருக்கிறது. புதிய தோட்டா போட்டால் தோள் பெயர்ந்துவிடும் போல் உதைக்கிறது. மருந்து மட்டமா?
- விவசாயி, அம்பாசமுத்திரம்

பதில்: மருந்தைப் பழிக்குமுன் அறையின் நீளத்தைப் பாருங்கள், அண்ணாச்சி. பழைய துப்பாக்கிகள் பலவற்றின் அறை 65 மி.மீ.; இன்று விற்பவற்றுள் பல 70 மி.மீ. தோட்டாக்கள். மடித்த வாயுடன் இருக்கும் தோட்டா குட்டையாக இருப்பதால் அறைக்குள் தடையின்றி நுழையும். அங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். சுடும்போது மடிப்பு விரிந்து அறையைத் தாண்டி நீள, ரவை போகும் வழி குறுகும், அழுத்தம் ஏறும். பெட்டியில் அச்சிட்டிருப்பது விரிந்த நிலையின் நீளம். குழலின் அடியில் உள்ள முத்திரையைப் படிக்க முடியாவிட்டால், உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையில் அறையை அளந்து வாங்கும்வரை அந்தத் தோட்டாவைப் போடாதீர்கள்.