25 என்ற விடை எங்கிருந்து வந்தது?

களக்காட்டிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: “மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். பின்னம் வந்தாலே மேலே இருப்பதை மேலேயும், கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டிவிடுகிறாள். ப/2 + ப/3 = 10 என்ற கணக்கை 2ப/5 = 10 என்று எழுதி, ப = 25 என்று முடித்திருக்கிறாள். மீச்சிறு பொது மடங்கு எடு என்றால் அன்றைக்கு எடுக்கிறாள், மறுநாள் பழையபடிதான். நான் பத்தாவதோடு நின்றவள். எப்படிச் சொல்லிக்கொடுப்பது?”

(பாடநூலில் எக்ஸ் என்று இருக்கும். இங்கே ‘ப’ என்றே வைத்துக்கொள்வோம்.)

அம்மா, உங்கள் மகளுக்குச் சமன்பாடு தெரிகிறது. 2ப/5 = 10 என்றால் ப = 25 என்பது சரிதான். தப்பு அதற்கு முந்தின வரியில், பின்னத்தைக் கூட்டிய இடத்தில் இருக்கிறது. எனவே இரண்டு நாளைக்குச் சமன்பாட்டை மூடி வையுங்கள்.

வீட்டில் பழைய நாழியும் உழக்கும் கிடந்தால் எடுங்கள். நாலு உழக்கு ஒரு நாழி. அரை நாழி அரிசியோடு கால் நாழி சேர்த்தால் எவ்வளவு? அவள் வழியில் போனால் 1/2 + 1/4 = 2/6, அதாவது மூன்றில் ஒரு பங்கு. அது அரையைவிடக் குறைவு. கூடக் கொட்டினால் அரிசி குறையுமா என்று அவளையே கேளுங்கள். அப்புறம் உழக்கால் அளக்கச் சொல்லுங்கள். அரை நாழி 2 உழக்கு, கால் நாழி 1 உழக்கு, ஆக 3 உழக்கு. முக்கால் நாழி. பகுதியை, அதாவது பின்னத்தில் கீழே இருக்கும் எண்ணைச் சமமாக்குவது என்றால் இரண்டையும் ஒரே பாத்திரத்தால் அளப்பதுதான். எந்தப் பாத்திரம் என்று சொல்வது பகுதி, எத்தனை தடவை அளந்தோம் என்பது மேலே இருக்கும் தொகுதி. தடவையைக் கூட்டலாம், பாத்திரத்தைக் கூட்ட முடியாது.

கால், அரைக்கால் (1/8), மாகாணி (1/16) என்று நம்முடைய பழைய பின்னங்கள் பாதி பாதியாக இறங்குவதால் அவை பேச்சிலேயே பழகிவிடும். மூன்றில் ஒன்று அப்படிப் பழகியதில்லை, பிள்ளைகள் அங்கேதான் தடுமாறும். அதற்கு உங்கள் ஊர் வாழைப்பழமே போதும். 12 பழம் உள்ள சீப்பை ஜோடி ஜோடியாகப் பிரித்தால் 6 ஜோடி. பாதி என்றால் 3 ஜோடி, மூன்றில் ஒன்று என்றால் 2 ஜோடி. சேர்த்தால் ஆறில் ஐந்து. 1/2 + 1/3 = 5/6.

இப்போது நோட்டைத் திறக்கலாம். கணக்கை இப்படிப் படித்துக் காட்டுங்கள்: ஒரு சீப்பில் பாதியும், மூன்றில் ஒரு பங்கும் சேர்ந்தால் 10 பழம், சீப்பில் எத்தனை? 2-ஆலும் 3-ஆலும் மீதியில்லாமல் வகுபடும் மிகச் சிறிய எண் 6, அதுதான் மீச்சிறு பொது மடங்கு. இரண்டு பக்கத்தையும் 6-ஆல் பெருக்கினால் பின்னம் போய்விடும்:

3ப + 2ப = 60
5ப = 60
ப = 12

வலப்பக்கத்து 10-ஐப் பெருக்க மறப்பவர்கள் நிறைய. தராசில் ஒரு தட்டை மட்டும் ஆறு மடங்காக்கினால் அது சாய்ந்துவிடும் என்று சொன்னால் பிடிபடும். ‘அந்தப் பக்கம் போனால் குறி மாறும்’ என்ற சூத்திரம் எனக்குப் பிடிக்காது. அதை நம்பி 5ப = 60 என்பதை ப = 60 − 5 என்று எழுதிய பிள்ளைகளை எத்தனையோ பார்த்திருக்கிறேன். 5-ஆல் பெருக்கியிருக்கிறது, 5-ஆல் வகுத்தால்தான் ப தனியாக நிற்கும்.

விடை வந்ததும் அதைத் திரும்பக் கணக்கில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். 12-இல் பாதி 6, மூன்றில் ஒன்று 4, மொத்தம் 10. சரி. அவளுடைய 25-ஐப் போட்டால் பாதியே பன்னிரண்டரை. அங்கேயே 10-ஐத் தாண்டிவிட்டது. இந்தச் சோதனைக்கு அரை நிமிடம்கூட ஆகாது. திருத்த ஆசிரியர் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம்.

அடுத்த வாரம் அவள் இடறப்போகும் இடம் கழித்தல் குறியும் அடைப்புக்குறியும்:

ப/2 − (ப − 2)/3 = 3

6-ஆல் பெருக்கினால் 3ப − 2(ப − 2) = 18. அடைப்பை நீக்கும்போது −2-ஐ உள்ளே இருக்கும் −2-ஓடும் பெருக்க வேண்டும், அது +4 ஆகும். 3ப − 2ப + 4 = 18, ப = 14. அவசரத்தில் −4 என்று எழுதினால் 22 வரும். 14, 22 இரண்டையும் அவளிடம் கொடுத்து, எது சரி என்று போட்டுப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.