தலைப்பு எங்கே போனது?

கேள்வி: பனியன் கம்பெனிகளுக்குக் கணக்கு மென்பொருள் செய்து விற்கிறோம். 180 பக்கக் கையேடு வேர்டில் இருக்கிறது. அதை ஒரே நாளில் மார்க்டவுனுக்கு (தலைப்பு, அட்டவணையை எல்லாம் எளிய குறிகளால் காட்டும் வெற்று உரை வடிவம்) மாற்றித் தரச் சொல்கிறார் முதலாளி. ஃபைலை ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் பான்டாக் மென்பொருளில் போட்டேன், மாறியது. ஆனால் ஒரு தலைப்புகூடத் தலைப்பாக வரவில்லை. எல்லாம் தடித்த எழுத்துப் பத்தியாக நிற்கின்றன. மென்பொருளில் கோளாறா?
– ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: கோளாறு பான்டாக்கில் இல்லை. உங்கள் கையேட்டை முதலில் தட்டச்சு செய்தவர், தலைப்பு வந்த இடத்திலெல்லாம் எழுத்தைத் தடிப்பாக்கி, அளவை 16 ஆக்கிவிட்டுப் போயிருப்பார். கண்ணுக்கு அது தலைப்பு. ஃபைலுக்குள் வெறும் பத்தி. (நானும் முதல் மூன்று கையேடுகளை அப்படித்தான் செய்தேன். யாரும் சொல்லித் தரவில்லை.)

பெர்க்லியில் தத்துவப் பேராசிரியரான ஜான் மக்ஃபார்லேன் 2006இல் வெளியிட்டது பான்டாக். அது வேர்டை நேராக மார்க்டவுன் ஆக்குவதில்லை. முதலில் படித்து, இது தலைப்பு, இது பத்தி, இது அட்டவணை என்று உள்ளுக்குள் ஒரு மரமாக அடுக்கிக்கொள்ளும். பிறகு அந்த மரத்தைப் பார்த்துத்தான் எந்த வடிவத்திலும் எழுதும். எழுத்தின் அளவுக்கும் நிறத்துக்கும் அந்த மரத்தில் இடம் கிடையாது.

ஆகவே வேலையை வேர்டிலேயே முடித்துவிடுங்கள். ஒரு தலைப்பின் மேல் கர்சரை வைத்து, ஹோம் பகுதியில் உள்ள செலக்ட் பட்டனை அழுத்தினால், அதே தோற்றத்தில் இருப்பவற்றையெல்லாம் ஒரே தடவையில் பிடிக்கும் வசதி இருக்கிறது. பிடித்ததும் ‘ஹெடிங் 1’ ஸ்டைலைத் தட்டுங்கள். துணைத் தலைப்புகளுக்கு ‘ஹெடிங் 2’. அரை நாள் வேலை. இணைத்த கட்டங்கள் உள்ள அட்டவணைகளையும் அங்கேயே பிரித்துவிடுவது நல்லது. மார்க்டவுனின் சாதாரண அட்டவணைக்கு அவை அடங்காது.

கட்டளை வரிகளைத் தனியாகப் பாருங்கள். இரண்டு சிறு கோடுகளை அடித்தால் வேர்டு அதை ஒரே நீளக் கோடாக்கிவிடும், நேர் மேற்கோளை வளைத்துவிடும். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், கையேட்டில் இருந்த பேக்கப் கட்டளையை வாடிக்கையாளர் அப்படியே நகலெடுத்து ஒட்டினார். ஓடவில்லை. சர்வர், பாஸ்வேர்டு என்று இரண்டு நாள் எதையெதையோ சந்தேகப்பட்டோம். கடைசியில் பார்த்தால் அந்தக் கோடு! கோடுகளையும் மேற்கோள்களையும் திருத்திவிட்டு, கட்டளைகளுக்கு ‘Source Code’ என்ற ஆங்கிலப் பெயரில் ஒரு ஸ்டைல் உருவாக்கிக் கொடுங்கள். அந்தப் பெயரைப் பார்த்தால் பான்டாக் உள்ளே கை வைக்காது.

ஒரே நாளில் நடக்குமா? லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலை எழுதுபவர்கள் 2016இல் தங்கள் ஆவணங்களை டாக்புக் என்ற வடிவத்திலிருந்து ஸ்பிங்ஸ் என்ற ஆவணக் கருவிக்கு மாற்றத் தொடங்கியபோது, பான்டாக்கை வைத்துத்தான் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதிக்கொண்டார்கள். அதன் பிறகும் கையால் திருத்த வேண்டியிருந்தது. முதலாளியிடம் ஒரு வாரம் கேளுங்கள்.

கேள்வி: எங்கள் கையேட்டில் ஆங்கிலம் சரியாக மாறுகிறது. தமிழ்ப் பகுதி மட்டும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டுகிறது. ஏன் சார்?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்திருக்கிறீர்கள், சரியா? அந்த ஃபைலுக்குள் தமிழ் என்றைக்குமே இருந்ததில்லை, அம்மா. இருப்பது ஆங்கில எழுத்துகள்தான். அவற்றுக்குத் தமிழ் முகமூடி போட்டது எழுத்துரு. பான்டாக் எழுத்துருவின் பெயரைத் தூக்கிப் போட்டதும் முகமூடி கழன்றுவிட்டது.

மாற்றிய பிறகு, நிஜத் தமிழ் எழுத்தாக்கும் யூனிகோடு மாற்றியில் போடலாம் என்று நினைக்காதீர்கள். அதற்குள் எது தமிழ், எது நிஜ ஆங்கிலம் என்ற அடையாளமே போயிருக்கும். ‘பிரின்ட்’, ‘சேவ்’ போன்ற பட்டன் பெயர்களும் தமிழ்க் குப்பையாகிவிடும். வேர்டில் இருக்கும்போதே, தேடும் வசதியில் எழுத்துருவைப் பாமினி என்று குறிப்பிட்டு, அந்தப் பகுதிகளை மட்டும் யூனிகோடாக்குங்கள். அப்புறம் பான்டாக்.

கேள்வி: மூல ஃபைல் தொலைந்துவிட்டது, பிடிஎஃப் மட்டும்தான் கையில் இருக்கிறது. வழி உண்டா?
– ஒரு வாசகர், ஓசூர்

பதில்: பான்டாக் பிடிஎஃப் செய்து தரும், படிக்காது. இந்த எழுத்து தாளில் இந்த இடத்தில் என்பதுதான் பெரும்பாலான பிடிஎஃப்புக்குத் தெரியும். அதிலிருந்து எடுத்தால் பக்க எண்கூட வாக்கியத்தின் நடுவில் வந்து உட்காரும். முதலில் பழைய மின்னஞ்சல்களைத் துழாவுங்கள். கையேட்டை அச்சடித்த அச்சகத்தில் கேளுங்கள்.

மென்பொருளோடு விண்டோஸ் ஹெல்ப் ஃபைல் கொடுத்திருந்தீர்களா? சிஎச்எம் என்று முடியும். அதை 7-ஜிப்பில் திறந்தால் உள்ளே ஹெச்டிஎம்எல் பக்கங்கள் அப்படியே கிடக்கும். பான்டாக்குக்கு அது போதும். யூடிஎஃப்-8 (யூனிகோடு எழுத்தைச் சேமிக்கும் முறை) இல்லாத பழைய பக்கங்களாக இருந்தால், நோட்பேடில் திறந்து அப்படிச் சேமித்துவிட்டுக் கொடுங்கள்.